பாக்கியத்தின் முகத்தில் ஒரு விரல் வெள்ளி

ஸ்கூடாய்க் கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். ‘நெடுங்கலம்’ தொடரில் பாக்கியம் என்ற கதாபாத்திரம் எப்படி வளர்ந்தது என்று, அதில் வேலை செய்தவள் என்ற முறையில் நான் எழுத வேண்டுமாம். இரண்டு தடவை போன் செய்தார்கள். நான் பிடி கொடுக்கவில்லை. பிறகு நேரிலேயே வந்து ஒரு பை ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு உங்கள் மண்டபத்தில் நடந்ததற்குப் பிறகும் என்னைக் கேட்கத் தோன்றியிருக்கிறதே பிள்ளைகளே, சரி, எழுதுகிறேன். பழம் புளிப்பு. கட்டுரையும் அப்படித்தான் இருக்கும்.

“படிக்கிறவங்களுக்குச் சந்தோஷமா இருக்கணும் ஆண்டி” என்று உங்களில் ஒரு பெண் சொன்னாள். சந்தோஷத்துக்கு நான் பொறுப்பில்லை. அந்தத் தொடருக்கு முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மேக்கப் போட்டவள் நான். முகத்துக்குப் பொறுப்பு. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ‘நெடுங்கலம்’ பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய விண்வெளித் தொடர். பூமியை விட்டு வெகுதூரம் போகும் ஒரு கப்பல், அதில் நம் ஆட்கள். விண்வெளி என்றதும் பெரிய ஸ்டூடியோவை நினைத்துக்கொள்ளாதீர்கள். மூவாரில் நாற்காலி மேசை செய்யும் ஒரு பேக்டரி கைவிட்ட கிடங்கில்தான் எல்லாப் படப்பிடிப்பும். கப்பலின் சுவர்கள் பலகை. அதை அறுத்துப் பூட்டியவர்கள் நாற்காலி செய்யும் தச்சர்கள். கேப்டனின் கட்டுப்பாட்டு மேசை, யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு எடுக்காமல் போன சாப்பாட்டு மேசை. ஏர்கோன் உண்டு, ஆனால் அது போடுகிற சத்தத்தில் வசனம் கேட்காது என்று டேக் போகும்போது அணைத்துவிடுவார்கள். விண்வெளியில் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றும்.

பாக்கியம் அந்தக் கப்பலில் ஒரு இயந்திரம். முதல் சீசனில் அவளுடைய வேலை கேப்டனுக்கு டீ கொண்டுவருவது. “கேப்டன், டீ.” இதுதான் அவளுடைய மொத்த வசனம். வெள்ளி முகத்தோடு வரும் இயந்திரத்துக்கு எஸ்டேட்டுப் பெண் பெயர் வைத்தால் ஆட்கள் சிரிப்பார்கள் என்று அந்தப் பெயர் வைத்தார்கள். சிரித்தார்கள்.

நான் தொழில் கற்றது மூவாரில், ஒரு சீனப் பெண்மணியின் கல்யாண அலங்காரக் கடையில். அங்கே எங்கள் பெண்கள் வந்தால் எனக்கு ஒரே வேலைதான், கறுப்பை வெளுப்பாக்குவது. நாலு வருஷம் அதைச் செய்தேன். மாலை போட்டு உட்கார்ந்திருக்கும் கல்யாணப் பெண்ணைச் சொந்த அத்தையே அடையாளம் தெரியாமல் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு கோயில் நாடகங்கள், விளம்பரங்கள், கடைசியில் ‘நெடுங்கலம்’. வெளுப்பாக்கும் வேலையிலிருந்து தப்பித்தோம் என்றுதான் அங்கே போனேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

பாக்கியமாக நடிக்க முதலில் வந்த பெண் முகத்தில் சாயம் பட்டதும் அரிக்கிறது என்று அழுதுவிட்டுப் போய்விட்டாள். டைரக்டர் குணா சார் கிடங்கைச் சுற்றிப் பார்த்தார். தச்சர்களோடு கப்பல் சுவருக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. யோங் பெங் ஊர்க்காரி, பெயர் கஸ்தூரி. நாற்காலிப் பேக்டரியில் வேலை. நல்ல கறுப்பு, நீளமான கழுத்து.

“கண்ணு சிமிட்டாம நிக்க முடியுமாம்மா?” என்று கேட்டார்.

“முடியும் சார். பேக்டரியில சூப்பர்வைசர் ஏசுறப்ப அப்படித்தான் நிப்போம்.”

அப்படி வந்தவள்தான் கஸ்தூரி. நீங்கள் கேட்ட வளர்ச்சி அங்கே தொடங்கியது.

அந்த வெள்ளி முகத்தை எப்படிப் போடுவோம் என்று சொல்கிறேன். இப்போது கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கொள்கிறார்களாம், நடிகை சும்மா வந்து உட்கார்ந்தால் போதுமாம். எங்களுக்கு அப்படியில்லை. விடியும் முன்பே வந்து, ஐஸ் தண்ணீரில் முகத்தைக் கழுவச் சொல்வேன். தோலிலிருந்த சூடு இறங்க வேண்டும். பிறகு மெல்லிசாக ஒரு கிரீம். அது காயும் வரை பேசக்கூடாது. வெள்ளிச் சாயத்தைப் பஞ்சில் தொட்டு ஒற்ற வேண்டும். இழுத்தால் கோடு விழும். முதல் பூச்சு காய்ந்த பிறகு இரண்டாவது. வாயோரமும் மூக்கோரமும் சிரித்தால் வெடிக்கும் இடங்கள், அங்கே சின்னப் பிரஷ். கடைசியில் கண்ணிமை. அப்போது மூச்சைக்கூட நிதானமாக விட வேண்டும். கஸ்தூரி அத்தனைக்கும் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். இடையில் கண்ணைத் திறந்து கண்ணாடியில் ஒரு முறை பார்த்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை யோங் பெங் சந்தையில் யாரிடமோ, நான்தான் பாக்கியம் என்று சொல்லியிருக்கிறாள். மீன்காரர், “சும்மா கதை விடாத லா” என்று சொல்லிவிட்டு மீனை வெட்ட ஆரம்பித்துவிட்டாராம். வந்து என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

குணா சாரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணக் குடும்பம், முன்பு அரசாங்கப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். குரலை உயர்த்தி ஒரு நாளும் பேசியதில்லை. நடிகர்களைக் காலை டீயிலிருந்தே கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். எது கேட்டாலும் அவருடைய பதில் ஒரே சொல், “பார்ப்போம்.” அதற்கு இல்லை என்று அர்த்தம் என்பது எனக்குப் புரிய இரண்டு சீசன் ஆனது. வேலையில் கெட்டிக்காரர். அதை நான் மறுக்கமாட்டேன். மறுக்க முடிந்திருந்தால் மனசு இத்தனை எரிந்திருக்காது.

இரண்டாவது சீசன் தொடங்கும்போது மேக்கப் அறைக்கு வந்தார். கஸ்தூரியின் முகத்தை நேராகப் பார்க்கமாட்டார், கண்ணாடியில்தான் பார்ப்பார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் தொண்டையில் ஒரு விரலைக் குறுக்காக வைத்துக் காட்டினார்.

“சரசு, இந்த இடத்துல மட்டும் வெள்ளி வேணாம். இவ பேசக் கத்துக்கிட்டா. அப்ப தொண்டைதானே முதல்ல மனுஷியாகணும்.”

அதுதான் எங்கள் வழக்கமானது. ஒவ்வொரு சீசனுக்கும் முதல் நாள் வருவார், கண்ணாடியில் பார்ப்பார், தன் முகத்தில் விரல் வைத்துக் காட்டுவார். சீசனுக்கு ஒரு விரல் வெள்ளி குறையும். தொண்டைக்கு அடுத்தது தாடை, பிறகு வாய், பிறகு கன்னம். பாக்கியம் எதைக் கற்றுக்கொள்கிறாளோ அதற்குரிய இடம் தோலாகும். நெற்றி கடைசி. கடைசி சீசனின் கடைசிக் காட்சியில் முகத்தில் ஒன்றுமே இருக்காது என்று ஒரு பூஜை நாளன்று, தேங்காய் உடைத்த கையோடு, எல்லோர் முன்னாலும் சொன்னார். கஸ்தூரி அன்றைக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நானும் கைதட்டினேன்.

நீங்கள் எல்லாம் கொண்டாடும் அந்தப் பெருவிரல் காட்சிக்கு வருகிறேன்.

நாலாவது சீசன். கப்பலின் நடைபாதை செட்டைப் பிரித்துவிட்டு அங்கே வேறு செட் போட வேண்டும். அதனால் அந்தச் சீசன் முழுவதற்கும் நடைபாதையில் வரும் எல்லாக் காட்சிகளையும் ஒரே நாளில் எடுத்தார்கள். முதல் எபிசோட் காட்சி, அடுத்து கடைசி எபிசோட் காட்சி, மறுபடி நடுவிலிருந்து ஒன்று. கஸ்தூரிக்குக் கடைசி எபிசோடின் முகத்தைப் போட்டு முடித்தேன். அந்தச் சீசன் முடிவில்தான் பாக்கியம் சிரிக்கக் கற்றுக்கொண்டு கன்னம் திறக்கத் தொடங்கும், அதனால் இடது காதுக்குக் கீழிருந்து கன்னம் வரை ஒரு விரல் வெறும் தோல். வெளியே கேமராக்காரர் லைட்டை மாற்றச் சோம்பல்பட்டுக் காட்சி வரிசையை மாற்றிவிட்டார். அசிஸ்டன்ட் டைரக்டர் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசி எபிசோடின் முகத்தோடு இரண்டாவது எபிசோடில் நடந்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

டிவியில் வந்ததும் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னும் சிரிக்கவே கற்றுக்கொள்ளாத இயந்திரத்துக்கு எப்படிக் கன்னத்தில் தோல் வந்தது என்று டிவி நிலையத்துக்குப் போன் மேல் போன். கிடங்கில் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டோம். நான் அசிஸ்டன்ட் டைரக்டரை ஏசிய ஏச்சில் தச்சர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். குணா சார் மட்டும் டீயில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து சொன்னார்.

“வெள்ளிய யாரும் எடுக்கல. பாக்கியமே எடுத்துக்கிட்டா.”

அடுத்த வாரமே அந்தக் காட்சி எழுதப்பட்டது. பாக்கியம் தனியாக இருக்கிறாள். கப்பலின் எஃகு அலமாரி முன்னால் நின்று, மங்கலாகத் தெரியும் தன் முகத்தைப் பார்க்கிறாள். இடது காதுக்குக் கீழே பெருவிரலை வைத்து மெதுவாக இழுக்கிறாள். வெள்ளி உரிந்து தோல் தெரிகிறது. விரலில் ஒட்டியதைப் பார்க்கிறாள். கையைப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள். வசனமே இல்லை. எழுத்தில் இருந்தது இவ்வளவுதான். கையை மறைப்பதற்கு முன்னால் யாராவது வருகிறார்களா என்று பக்கவாட்டில் ஒரு பார்வை பார்ப்பாளே, அது மட்டும் எழுத்தில் இல்லை. கஸ்தூரி தானாகச் செய்தது. தச்சர் ஒருவர் உளியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார்.

டீ கொண்டுவரும் பாக்கியம் அன்றைக்கு முடிந்தாள். அதற்குப் பிறகு அவள் கேள்வி கேட்டாள், பொய் சொன்னாள், கோபித்துக்கொண்டாள், ஒரு கட்டத்தில் கேப்டனையே எதிர்த்து நின்றாள். கஸ்தூரி பேக்டரி வேலையை விட்டுவிட்டாள். வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டுதான் என் நாற்காலியில் உட்காருவாள். நான் பஞ்சால் ஒற்ற ஒற்ற அவள் உதடு அசையும். கிரீம் காயும் வரை பேசாதே என்று அவள் தலையில் குட்டுவேன்.

கன்னம் முழுக்கத் திறந்த சீசனில்தான் டிவி நிலையத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மானிட்டரில் பார்த்துவிட்டு, “கொஞ்சம் பளிச்சுன்னு போடலாமே” என்றார். தொண்டையும் தாடையும் தெரிந்தவரை யாருக்கும் அந்த நிறம் கண்ணை உறுத்தவில்லை. வெள்ளிக்குப் பக்கத்தில் எடுப்பாக இருக்கிறது என்று லைட்மேன்கூடச் சொல்வார். இப்போது முகம் என்று ஒன்று தெரிய ஆரம்பித்ததும் உறுத்திவிட்டது.

“இயந்திரத்துக்குத் தோல் என்ன நிறத்துல இருக்கணும்னு எங்க எழுதியிருக்குங்க?” என்று கேட்டேன்.

அந்த அம்மா குணா சாரைப் பார்த்தார். சார் என்னைப் பார்த்தார்.

“பார்ப்போம்” என்றார்.

நான் போடவில்லை. அந்தச் சீசன் முழுக்கக் கஸ்தூரி கஸ்தூரியின் நிறத்திலேயே வந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அந்த அம்மாவிடமா என்னிடமா, அவர் யாரிடம் அந்தச் சொல்லைச் சொன்னார் என்று யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

கடைசி சீசனுக்கு மிச்சம் இருந்தது கண்ணிமையோடு சேர்த்து நெற்றியில் ஒரு விரல். கஸ்தூரி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அந்த ஒரு விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். “அதுவும் போயிட்டா அம்மா எங்க தாமான் வீடுங்க முழுக்கக் கூப்பிட்டு டிவி முன்னால உக்கார வைப்பாங்க அக்கா” என்பாள். யோங் பெங்கில் இருந்த அவளுடைய அம்மாவிடம் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதுவரை, உன் மகள் எந்தக் கடையில் வேலை செய்கிறாள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

அந்தச் சீசனின் நடுவில் ஒரு நாள் விடியற்காலை குணா சார் மேக்கப் அறைக்கு வந்தார். கஸ்தூரி முகம் கழுவப் போயிருந்தாள். அவர் வழக்கம்போலக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் நான் மட்டும்தான் தெரிந்தேன்.

“இன்னைக்கு எவ்வளவு சார்?” என்று கேட்டேன்.

அவர் விரலை வைக்கவில்லை. உள்ளங்கையை நெற்றியிலிருந்து தாடை வரை இறக்கிக் காட்டினார்.

“முழுசும். பாக்கியத்தோட உடம்பு எரிஞ்சி போகுது. திரும்ப இயந்திரமாயிடுது. கப்பல்ல இருக்கிறவங்க அவ மனச எடுத்து ஒரு புது உடம்புக்கு மாத்துறாங்க. முழு மனுஷி.”

“புது உடம்பு யாரு சார்?”

மென்று விழுங்கித்தான் சொன்னார். கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் வருகிறாள், அழகிப் போட்டியில் ஜெயித்தவள், பெயர் லாவண்யா, மேலே முடிவு செய்துவிட்டார்கள்.

“உடம்புதான் மாறுது சரசு. மனசு அதேதான். கதைக்கும் பொருத்தமா இருக்கு.”

“மனசுக்கு மேக்கப் போட எனக்குத் தெரியாது சார்.”

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நீங்க பக்குவமா கஸ்தூரிகிட்ட சொல்லிடுங்க” என்றார். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் அவளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு நான் கேட்டேன். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

கஸ்தூரி ஈர முகத்தோடு வந்து உட்கார்ந்தாள். நான் துண்டைக் கொடுத்தேன். பக்குவமாகச் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் கண் சிமிட்டாமல் கேட்டாள். சூப்பர்வைசர் முன்னால் நிற்பதாகச் சொன்னாளே, அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

“குரல் யாரு அக்கா?”

“உன்னோடதுதான் வேணுமாம். அந்தப் பொண்ணுக்குத் தமிழ் சரியா வரலையாம். டப்பிங் பேசித் தருவியான்னு கேக்கச் சொன்னாங்க.”

அவள் சிரித்துவிட்டாள். நான் முடியாது என்று சொல்லச் சொன்னேன். எழுந்து போ, நானும் வருகிறேன், இன்றைக்கே இந்தக் கிடங்கைப் பூட்டிக்கொண்டு போகட்டும் என்றேன்.

“வேற யாராச்சும் குரல்ல பாக்கியம் பேசினா எனக்குத் தாங்காது அக்கா” என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கிக் கொடுத்தாள். “போடுங்க.”

போட்டேன். பத்து வருஷமாக விரல் விரலாகத் திறந்த முகத்தை ஒரே காலையில் மூடினேன். தொண்டை, தாடை, வாய், கன்னம், நெற்றி. வழக்கத்தைவிட நன்றாக விழுந்தது சாயம். எங்கேயும் ஒரு கோடு இல்லை. என் கையை நானே வெறுத்த நாள் அது.

பழைய உடம்பைப் பெட்டியில் வைத்து மூடும் காட்சி. பெட்டியைத் தச்சர்கள் நல்ல தேக்கில் செய்திருந்தார்கள், மேலே கண்ணாடி மூடி. கஸ்தூரி உள்ளே படுத்தாள். இயந்திரம் செத்துவிட்டது, அசையக்கூடாது. இரண்டாவது டேக்கில் கேமரா மேலிருந்து இறங்கியது. கேப்டன் வசனம் பேசி முடித்தார், மூடி இறங்கத் தொடங்கியது. அப்போது அவளுடைய கை எழுந்தது. இடது காதுக்குக் கீழே பெருவிரலை வைத்து இழுத்தாள். ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புத் தோல். கை திரும்ப நெஞ்சில் விழுந்தது, மூடி மூடியது. யாரும் கட் சொல்லவில்லை. குணா சார் மானிட்டர் முன்னாலேயே நின்றார்.

“அத வச்சிக்குவீங்களா சார்?” என்று நான்தான் கேட்டேன்.

“பார்ப்போம்” என்றார்.

டிவியில் வந்தது அதற்கு முந்திய டேக். அதில் பாக்கியம் அசையாமல் கிடந்தாள். யோங் பெங்கில் கஸ்தூரியின் அம்மா பக்கத்து வீட்டார் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். கடைசிக் காட்சி வந்ததும், “நீ எங்கடி?” என்று மகளைக் கேட்டாராம். “குரல் நான்தாம்மா” என்றாளாம் கஸ்தூரி. அம்மா வந்தவர்களுக்கு மைலோ கலக்க எழுந்து போய்விட்டார். லாவண்யா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கூப்பிட்டார்கள், வந்தாள். என் நாற்காலியில் உட்கார்ந்து, “நான் என்னக்கா செய்யட்டும்?” என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அத்தோடு நான் அந்தத் தொழிலை விட்டேன்.

இனி உங்கள் மண்டபத்துக்கு வருகிறேன். பல வருஷம் கழித்துப் பழைய எபிசோடுகள் எல்லாம் போனில் பார்க்கும்படி மறுபடி வந்து, நீங்கள் விழுந்து விழுந்து பார்த்து, ‘பாக்கியம்: ஒரு கதாபாத்திரத்தின் வளர்ச்சி’ என்று விழா வைத்தீர்கள். குணா சார் சிறப்பு விருந்தினர். நான் வெள்ளி முகம் போட்டுக் காட்ட வேண்டும். கஸ்தூரியைக் கூப்பிட உங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கடைசி எபிசோடின் முடிவில் ஓடும் பெயர்களில் அவள் பெயர் குரல் என்பதற்குக் கீழேதான் இருந்தது, அதை எவர் படித்தார்? ஸ்கூடாயிலேயே இருக்கிறாள் என்பதால் நானே என் காரில் கூட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் லாவண்யாவின் முகம் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது. கஸ்தூரி அதைத் தாண்டும்போது உங்களில் ஒரு பையன் நின்று பார்த்தான்.

“ஆண்டி, உங்கள எங்கயோ பார்த்திருக்கேனே.”

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

“ஆ, மினி மார்க்கெட் கவுண்டர்ல! எங்க ஹாஸ்டல் பக்கத்துல.”

“ஆமாய்யா” என்றாள்.

பெருவிரல் காட்சியைப் போட்டீர்கள். மண்டபமே கைதட்டியது. இது எப்படித் தோன்றியது என்று கேட்டதற்கு, முதல் நாளிலிருந்தே என் மனசில் இருந்த காட்சி என்று குணா சார் அமைதியாகச் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்து கடைசிக் காட்சி. புது உடம்போடு பாக்கியம் கப்பலின் மேசையில் உட்காருகிறாள். கேப்டன் டீ கேட்கிறார். “டீய நீங்களே போட்டுக்குங்க கேப்டன். நான் கப்பல ஓட்டணும்.” லாவண்யாவின் வாய், கஸ்தூரியின் குரல். என் பக்கத்தில் இருட்டில் அவள் தன்னை அறியாமல் கூடவே பேசினாள், டப்பிங் அறையில் பேசிய அதே ஏற்ற இறக்கத்தோடு. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் திரும்பினாள்.

“ஆண்டி, ப்ளீஸ், கொஞ்சம் பேசாம பாருங்க லா.”

கஸ்தூரி வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியும். இதைப் படிக்கும்போது அவளுக்கும் தெரியும்.

பிறகு என்னை மேடைக்குக் கூப்பிட்டீர்கள். முகம் கொடுக்க யார் வருகிறீர்கள் என்றதும் மூன்று நாலு கைகள் உயர்ந்தன. முகம் நானே கொண்டுவந்திருக்கிறேன் என்று சொன்னேன். கஸ்தூரி வேண்டாம் அக்கா என்று தலையாட்டினாள். நான் விடவில்லை. ஒரு ஆண்டி மேடையேறினால் தட்டுகிற அளவுக்கு மரியாதையாகத் தட்டினீர்கள். ஐஸ் தண்ணீர் கிடைக்கவில்லை, ஈரத் துண்டால் சமாளித்தேன். தொண்டை, தாடை, வாய். நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தீர்கள். கன்னம் மூடியதும் பேச்சு குறைந்தது. கண்ணிமைக்கு வந்தபோது சத்தமே இல்லை. நெற்றியை முடித்து நான் நகர்ந்தேன். அவள் கண்ணைத் திறந்து, சிமிட்டாமல் உங்களைப் பார்த்தாள்.

பின்னாலிருந்து யாரோ, “பாக்கியம்” என்றார்கள்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். எழுந்து நின்றீர்கள், அழுதீர்கள், மேடைக்கு ஓடிவந்தீர்கள். குணா சாரும் எழுந்து கைதட்டினார். எல்லோரையும்விடக் கொஞ்சம் பலமாகவே தட்டினார். நான் எண்ணெயும் பஞ்சும் எடுத்தேன். பேசாமல் பார்க்கச் சொன்ன அதே பெண் என் கையைப் பிடித்தாள். “துடைச்சிடாதீங்க ஆண்டி, இன்னும் நிறையப் பேர் போட்டோ எடுக்கணும்.” அவள்தான் முதலில் கட்டிப்பிடித்துக்கொண்டு எடுத்தாள். மண்டபத்தைப் பூட்டுகிற நேரம் வரை எடுத்தீர்கள். துடைத்த முகத்தோடு ஒரு படம் வேண்டும் என்று கடைசிவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்திக் கருக்கலில் ஸ்கூடாய் நெரிசலில் காரை ஓட்டினேன். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து மோட்டார்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். துடைத்துவிடட்டுமா என்று கேட்டேன். கஸ்தூரி மேலே இருந்த சின்னக் கண்ணாடியை இறக்கித் தன்னைப் பார்த்தாள்.

“வேணாம் அக்கா. நானே துடைச்சிக்கிறேன்.”

அவளுடைய அடுக்குமாடி வாசலில் இறக்கிவிட்டேன். எண்ணெயையும் பஞ்சையும் வாங்கிக்கொண்டு நடந்தாள். காவலுக்கு இருக்கும் ஜாகா பெரியவர் கூண்டிலிருந்து வெளியே வந்து வழி மறித்தார். தினமும் அவள் போகும்போதும் வரும்போதும் பார்க்கிறவர்.

“யாரும்மா நீ? எந்த வீட்டுக்குப் போகணும்?”

அவள் இடது காதுக்குக் கீழே பெருவிரலை வைத்தாள், கன்னம் வரை இழுத்தாள், அந்தப் பக்கத்தை விளக்குக்குத் திருப்பிக் காட்டினாள். பெரியவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

“அட, நம்ம கஸ்தூரியா. லிஃப்ட் கெட்டுப் போச்சும்மா, படியில ஏறிப் போ.”